பழைய பாரசீகக் கம்பளங்களில் வரும் பூக்களுக்கும் மாங்காய் வடிவத்துக்கும் என்ன பொருள்?

தாமரை என்றால் தூய்மை, மாங்காய் என்றால் வளம் என்று விற்பவர்கள் சொல்லும் பட்டியலை நான் நம்புவதில்லை. பூக்கள் எல்லாம் சேர்ந்து ஒரு தோட்டமாவதுதான் அங்கே உண்மையான பொருள்.

பாரசீகம், அதாவது இன்றைய ஈரானின் பெரும்பகுதி வறண்ட மேட்டுநிலம். சுவர் எழுப்பி, வாய்க்கால் வெட்டி வளர்த்த தோட்டம் அந்த மக்களுக்குச் சொர்க்கத்தின் சாயல். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 'பரல் சேகரிப்பு' அருங்காட்சியகத்தில் உள்ள 17ஆம் நூற்றாண்டு வாக்னர் கம்பளத்தைப் பாருங்கள். மரங்களுக்கும் பூச்செடிகளுக்கும் நடுவே வாய்க்கால்கள் ஓடுகின்றன, தண்ணீரில் மீன்கள் நீந்துகின்றன. ஒரு தோட்டத்தையே தரையில் விரித்திருக்கிறார்கள்!

'ஷா அப்பாசி' எனப்படும் பெரிய தாமரை போன்ற பூவுக்கு 1629 வரை ஆண்ட மன்னர் ஷா அப்பாஸின் பெயர். ஆனால் அந்தத் தாமரை வடிவம், அவருக்கு வெகுகாலம் முன்பே, மங்கோலியர் ஆட்சியில் சீனக் கலையிலிருந்து ஈரானுக்கு வந்துவிட்டது. பௌத்தப் பொருளையும் கூடவே கொண்டுவந்தது என்று சொல்ல முடியாது. அழகு பிடித்தது, எடுத்துக்கொண்டார்கள்.

சரி, மாங்காய்க்கு வருவோம். நம் காஞ்சிப் பட்டில் மாங்காய் எனப்படும் வடிவம் அங்கே 'போத்தே'. தீயைப் புனிதமாகக் கருதும் பழைய ஈரானிய மதத்தினரான ஜொராஸ்ட்ரியரின் தீச்சுடர், காற்றில் வளைந்த சைப்ரஸ் மரம் என்றெல்லாம் விளக்கங்கள் உண்டு. சைப்ரஸ் ஈரானில் பழங்காலம் தொட்டுப் போற்றப்பட்ட மரம் என்பதால் அதையாவது யோசிக்கலாம். சுடர்க் கதை எனக்கு ஒட்டவே இல்லை. என்னை நம்ப வைப்பது காஷ்மீர் சால்வைகள்தான். 17ஆம் நூற்றாண்டில் அவற்றின் முந்தியில் இருந்தது மெலிந்த ஒற்றைப் பூச்செடி, சிலவற்றில் வேர்கூடத் தெரியும். 18ஆம் நூற்றாண்டில் பூக்கள் அடர்ந்து கொத்தாகி, நுனி ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு செடி மறைந்து வளைந்த உருவம் மட்டும் மிஞ்சியது. காஷ்மீர் சால்வை ஈரானியப் பிரபுக்களுக்கு உயிர். ஈரானின் கெர்மான் நகரிலும் அந்தப் பாணியில் சால்வை நெய்தார்கள். அந்த வழியாகத்தான் 19ஆம் நூற்றாண்டுக் கம்பளங்களில் போத்தே இவ்வளவு பரவியது என்று நினைக்கிறேன். ஈரானின் அராக் நகருக்குப் பக்கத்தில் நெய்யப்பட்ட சராபந்த் கம்பளங்களில் சிவப்புத் தரை முழுக்கச் சின்னச் சின்ன போத்தேக்கள். வரிசைக்கு வரிசை நுனி திசை மாறும். அவ்வளவு அழகு!

அப்புறம், நிழல் விழுந்த இளஞ்சிவப்பு ரோஜாக் கொத்துகள் இருந்தால் அது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு 'கோல் ஃபரங்', அதாவது ஐரோப்பியப் பாணிப் பூ. அதில் சொர்க்கத்தைத் தேட வேண்டாம், அன்றைய நாகரிகம் அது.