பாம்பு பிடிக்கத்தானா தீயணைப்பு நிலையம்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் தம்பி சீருடைப் பணியாளர் தேர்வு எழுதித் தீயணைப்புத் துறைக்குப் போனான். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் நிலையத்தில் வேலை. ஒரு வருடம் ஆகப்போகிறது. தீயை அணைத்ததைவிடப் பாம்பு பிடித்ததும் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கியதும்தான் அதிகம் என்று புலம்புகிறான். சொந்தக்காரர்களும் கேலி செய்கிறார்கள். வேறு தேர்வு எழுதச் சொல்லலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பி சொல்வது உண்மைதான். சின்ன ஊர் நிலையத்துக்கு வருகிற அழைப்புகளில் பெரும்பகுதி அப்படித்தான் இருக்கும். ஆனால் அவை தொந்தரவு, தீதான் வேலை என்று அவர் பிரித்துப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அந்த வட்டாரத்தில் தீயணைப்பு நிலையத்தின் வருடம் விவசாயத்தையும் வானத்தையும் பார்த்துத்தான் நகர்கிறது. தை பிறந்தால் ஜல்லிக்கட்டு. வாடிவாசல் பக்கம் வண்டியை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். பிடிபடாமல் ஓடிய காளை எங்கேயாவது பாழுங்கிணற்றில் விழுந்திருக்கும், அதற்கும் கூப்பிடுவார்கள். அறுவடை முடிந்ததும் வைக்கோல். உயரமாக ஏற்றிவந்த பாரம் தாழ்ந்து தொங்கும் மின்கம்பியில் உரசினால் போதும். வைக்கோல் போர் பிடித்துக்கொண்டால் மேலே எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும், பிரித்துப் போட்டால்தான் அடங்கும். பங்குனி, சித்திரையில் தைலமரத் தோட்டங்கள். அந்த இலையில் எண்ணெய் இருக்கிறது, காய்ந்த சருகோடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

சித்திரை முதல் நாள் பெரும்பாலும் ஏப்ரல் 14இல் வரும். 1944இல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகீன் என்ற கப்பல் வெடித்துத் தீயணைப்பு வீரர்கள் பலர் இறந்தார்கள். ஊர் புத்தாண்டு கொண்டாடும்போது தம்பி மாதிரி தீயணைப்புப் பணியாளர்கள் நிலையத்தில் அவர்களுக்கு அஞ்சலி செலுத்திக்கொண்டிருப்பார்கள்.

ஐப்பசியில் தீபாவளி ராக்கெட் கூரையில் விழும். அதோடு மழையும் வந்துவிடும். பாம்பு, சாய்ந்த மரம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது, சாலையில் விழுந்த மரங்களை அறுத்து ஒதுக்கினால்தான் ஆம்புலன்சே ஊருக்குள் போக முடியும் என்ற நிலை.

தம்பி அலுத்துக்கொள்ளும் கிணறு இருக்கிறதே, அதுதான் அந்த வேலையிலேயே ஆபத்தான இடம் என்பேன். ரொம்ப நாள் இறங்காத கிணற்றில் நச்சுவாயு தங்கியிருக்கும், பிராணவாயு குறைந்திருக்கும். ஒருவர் மயங்கி விழுவார். காப்பாற்றப் பதறி அண்ணன் இறங்குவார், அவருக்குப் பின்னால் பக்கத்து வயல்காரர். விளக்கை இறக்கிப் பார்த்தோமே, அணையவில்லையே என்பார்கள். விளக்கு எரிவதாலேயே நச்சுவாயு இல்லை என்று ஆகிவிடாது. மூச்சுக் கருவியை மாட்டி, கயிறு கட்டி இறங்கத் தெரிந்தவர் வரும்வரை மேலே நிற்பவர்களைத் தடுத்து நிறுத்துவதே பாதி மீட்பு. மாட்டுக்குக் கயிறு போட்டுப் போட்டுப் பழகிய கைதான் அன்றைக்கு உதவும்.

இன்னொன்று, தண்ணீர். வண்டியில் இருப்பது சில ஆயிரம் லிட்டர். முழு வேகத்தில் அடித்தால் கொஞ்ச நேரத்தில் காலி. நகரம் மாதிரி தெருவுக்குத் தெரு குழாய் கிடையாது. எந்தக் குளத்தில் சித்திரையிலும் தண்ணீர் கிடக்கும், யார் தோட்டத்தில் மோட்டார் ஓடுகிறது, எந்தப் பாதையில் வண்டி புதைந்துவிடும் என்பதெல்லாம் பழைய ஓட்டுநர்களின் தலைக்குள் இருக்கும். பாம்புக்கும் மாட்டுக்கும் ஊர் ஊராகப் போகும்போதுதான் புதிதாக வந்தவர் அதைக் கற்றுக்கொள்கிறார்.

கேலி செய்யும் சொந்தக்காரர்களை விடுங்கள். அவர்கள் வீட்டுக் குளியலறையில் நல்லபாம்பு வந்தால் முதலில் இவரைத்தான் தேடுவார்கள்.

சரி, தேர்வு. காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் பொதுவாகத் தேர்வு நடப்பதால், காவல்துறையை நினைத்து எழுதித் தீயணைப்புக்கு வந்து சேர்ந்தவர்கள் உண்டு. உங்கள் தம்பியும் அப்படி என்றால், அல்லது சம்பளமோ விடுப்போ போதவில்லை என்றால், தாராளமாக எழுதட்டும். காரணம் பாம்பும் மாடும் மட்டும்தான் என்றால், இன்னொரு கோடையும் மழையும் பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள்.