சிகாகோவின் பழைய கசாப்புக்கூடங்களில் வேலை எப்படி இருந்தது?

ரத்தமும் நாற்றமும் இருந்தது சரி, ஆனால் அங்கே உழைத்தவர்களின் நினைவுகளில் அதைவிட அழுத்தமாக வருவது வேகமும் நிச்சயமின்மையும்தான்.

இந்தக் கசாப்புக்கூடங்களின் மையமாக இருந்த யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் என்ற கால்நடைச் சந்தை வளாகம் 1865 முதல் 1971 வரை இயங்கியது. ஆரம்ப காலத்தில் விடிகாலையிலேயே வாசலில் கூட்டம் நிற்கும். மேஸ்திரி கைகாட்டியவருக்குத்தான் அன்றைக்கு வேலை. மாடு வரத்து குறைந்தால் பாதி நாளில் அனுப்பிவிடுவார்கள். மணிக்கணக்குக் கூலி என்பதால் வருமானமும் அதோடு சரி.

உள்ளே, அறுத்த பன்றிகள் தலைக்கு மேல் தொங்கியபடி நகர்ந்து வரும். ஒருவருக்கு ஒரே வெட்டு, நாள் முழுக்க அதே வெட்டு. ஹென்றி ஃபோர்டின் கார் தொழிற்சாலைக்கே இதுதான் முன்மாதிரி. எவ்வளவு வேகமாக நகர வேண்டும் என்பதை நிர்வாகம் முடிவு செய்யும். வழுக்கும் தரையில், கூரிய கத்தியோடு, அடுத்தவரை இடித்துக்கொண்டு ஈடுகொடுக்க வேண்டும். கை, விரல் காயங்கள் சாதாரணம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பலரும் ஆஷ்லாந்து அவென்யூ மதுக்கடைகளுக்குப் போவார்கள். பீர் வாங்கினால் சாப்பாடு இலவசம், சம்பளக் காசோலையையும் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். (கடைக்காரர் ஏமாளி இல்லை!) அப்புறம் 1930களில் போலந்து, லித்துவேனிய, கறுப்பினத் தொழிலாளர்கள் ஒரே சங்கத்தில் சேர்ந்தார்கள். நிர்வாகத்தோடு பேரம் பேசும் நிலையான பலம் அதன் பிறகுதான் வந்தது.