பதில்: வேளச்சேரி வீட்டு மழைநீர்க் குழியில் தண்ணீர் இறங்கவில்லை

வணக்கம். 1 மீட்டர் சதுரம், ஒன்றரை மீட்டர் ஆழம், உள்ளே ஜல்லி. மூன்று நாளாகத் தண்ணீர் நிற்கிறது, அகலப்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள்.

1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். உங்கள் 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 60 மி.மீ. பெய்தால் 6,000 லிட்டர். தளம் நனைந்தது, தெறித்தது போக 5,000 வரும். ஜல்லி இடுக்கில் குழிக் கொள்ளளவில் சுமார் 40 சதவீதம், அதாவது 600 லிட்டர்தான் நிற்கும். மீதி தெருவுக்குத்தான்.

உங்கள் பகுதிக் களிமண்ணில் மணிக்கு 5 மி.மீ. இறங்கினாலே அதிகம். அடிப்பகுதி வழியாக நாளைக்கு 120 லிட்டர். குழி காலியாக ஐந்து நாள். ஆவியாதலை நம்பாதீர்கள், ஐப்பசி ஈரக்காற்றில் அது நாளைக்குச் சில லிட்டர்தான். பெசன்ட் நகர் மணலில் இதே குழி சீக்கிரம் வற்றிவிடும். அங்கிருக்கும் உறவினர் சொல்வதைக் கேட்டு வெட்டினீர்களோ?

மழை விட்டதும் குழிச் சுவரில் சாக்பீஸால் நீர்மட்டத்தைக் கோடிட்டு, மறுநாள் அதே நேரம் ஸ்கேலால் அளந்து பாருங்கள். பக்கத்துக் கிணற்றிலும் நீர் மேலே நின்றால் இறங்க இடமே இல்லை. எதை வெட்டியும் பயனில்லை. கிணறு ஆழத்தில் கிடந்தால், குழிக்குள்ளேயே களிமண்ணைத் தாண்டி மணல் வரை ஒரு துளை போட்டு, துளையிட்ட பி.வி.சி. குழாய் இறக்குங்கள். மேலே வடிகட்டி அவசியம்; இல்லையென்றால் வேப்பிலைச் சருகே அடைத்துவிடும்.