முகாமில் பெண்கள் மீதான வன்முறை: கேளுங்கள், சொல்கிறேன்

தமிழ்நாட்டில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் அடிபட்ட, வல்லுறவுக்கு ஆளான பெண்களோடு ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் துணை போகிறவள் நான். வக்கீல் இல்லை. கேட்பதற்கு முன் ஒன்று: முகாமின் பெயர், பெண்ணின் வயது, பிள்ளைகள் எத்தனை என்று எதையும் எழுதாதீர்கள். நூறு குடும்பம் இருக்கிற இடத்தில் "இரண்டு பிள்ளையோடு தனியா இருக்கிற அக்கா" என்றாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

கேள்வி (முகாமில் வசிக்கும் பெண்): அக்கா, பக்கத்து வீட்டு மனிசன் குடிச்சிட்டு வந்து தன்ர மனிசியைப் போட்டு அடிக்கிறார். நாங்கள் இந்தியப் பிரஜை இல்லையே, சட்டம் எங்களுக்குப் பொருந்துமா?

பதில்: பொருந்தும் தங்கச்சி. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் குடியுரிமை கேட்பதில்லை. பெண்ணாக இருந்து, அந்த வீட்டில் உறவாக வாழ்ந்திருந்தால் போதும். ஹவுராவுக்கு வந்த வங்கதேசப் பெண் ஒருவர் ரயில்வேக்காரர்களால் கூட்டு வல்லுறவுக்கு ஆளான வழக்கில், உயிர்வாழும் உரிமையைத் தரும் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு அயல்நாட்டவருக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. ரயில்வே அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டியிருந்தது.

அவ பார்க்க வேண்டியது மாவட்ட சமூகநல அலுவலகத்தில் இருக்கிற பாதுகாப்பு அலுவலரை. பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போட்டாலும் வழி சொல்வார்கள். பாதுகாப்பு அலுவலர் நடந்ததை அறிக்கையாக எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். அடிக்கக் கூடாது, வீட்டைவிட்டுத் துரத்தக் கூடாது என்பதில் தொடங்கி, அந்த மனிசனே வெளியேற வேண்டும் என்பது வரை கோர்ட் உத்தரவு போடலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்க வேண்டும்.

வெளியே இருக்கிற பெண்ணுக்கு இல்லாத இரண்டு சிக்கல் முகாம் பெண்ணுக்கு உண்டு. முதலாவது செக்கிங், அதாவது அதிகாரிகள் முகாமுக்கு வந்து ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் தணிக்கை. அவ ஒன் ஸ்டாப் சென்டரிலோ (வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசு உதவி மையம்) அம்மா வீட்டிலோ இருக்கும் நாளில் தணிக்கை வந்து "ஆள் இல்லை" என்று எழுதிவிட்டால் உதவித்தொகைக்குச் சிக்கல் வரும். ஆகவே கிளம்பிய உடனே வட்டாட்சியருக்கு ஒரு மனு எழுதி, சென்டரில் வாங்கிய கடிதத்தை இணைத்துக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, காசு. அரசு உதவித்தொகையை 2021-ல் உயர்த்தியபோது குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 என்று அறிவித்தார்கள். பல வீடுகளில் இது மொத்தமும் "தலைவர்" கையில் சேர்ந்து, அங்கிருந்து டாஸ்மாக்குக்குப் போகிறது. தன் பங்கும் பிள்ளைகள் பங்கும் தனக்கே வர வேண்டும் என்று அதே மனுவில் கேட்கச் சொல்லுங்கள். கையில் காசில்லாத பெண் எத்தனை உத்தரவு வாங்கினாலும் அடிக்கிறவனிடமே திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

கேள்வி (தன்னார்வலர்): வல்லுறவு நடந்தால் எஃப்.ஐ.ஆர். இல்லாமல் ஆஸ்பத்திரியில் பார்ப்பார்களா?

பதில்: பார்த்தே ஆக வேண்டும். அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, உடனே, இலவசமாக. மறுப்பது குற்றம். ஆஸ்பத்திரி போலீஸுக்குத் தகவல் கொடுக்கும். ஆனால் வயது வந்த பெண் "வழக்கு இப்போது வேண்டாம்" என்றால் அதை எழுதி வைத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடர வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அதுவும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கர்ப்பத்தடை மாத்திரைக்கு 120 மணி நேரம். முடிந்தால் குளிக்காமல் போகட்டும். உடுத்தியிருந்த துணியை பிளாஸ்டிக் பையில் வேண்டாம், காகிதத்தில் சுற்றி எடுத்துப்போங்கள். குளித்துவிட்டாலும் துவைத்துவிட்டாலும் போக வேண்டும், மருந்து அதற்காகக் காத்திருக்காது. இருவிரல் பரிசோதனை (பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்ப்பது) என்று யாராவது ஆரம்பித்தால் நிறுத்தச் சொல்லுங்கள். உச்ச நீதிமன்றம் 2013-லும் 2022-லும் கண்டித்த விஷயம் அது.

கேள்வி (சமூகப்பணி மாணவி): ஆய்வுக்காகப் பாதிக்கப்பட்ட பெண்கள் பத்துப் பேரைப் பேட்டி எடுக்க வேண்டும். அறிமுகம் செய்து வைப்பீர்களா?

பதில்: மாட்டேன் அம்மா. சொல்லி முடித்தபின் அவளுக்கு என்ன உதவி கொடுக்கப் போகிறாய் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் அவள் வாயைத் திறக்க வைக்கக் கூடாது. தணிக்கை முறை, கழிப்பறை, 181-க்கு வரும் அழைப்பு பற்றி ஆய்வு செய். உன் பேராசிரியரிடம் நானே பேசுகிறேன்.

கேள்வி (வெளிநாட்டில் இருக்கும் அன்பர்): பணம் அனுப்பத் தயார். சோலார் விளக்கு போட்டால் குற்றம் குறையுமா?

பதில்: விளக்கு நல்லதுதான் அண்ணா. அதற்கு முன் தாழ்ப்பாளைப் பாருங்கள். பழைய முகாம் ஒன்றில் பெண்கள் குளிக்குமிடத்தில் வெளிப்பக்கம் கொண்டி இருந்தது, உள்பக்கம் ஆணி அடித்த துளை மட்டும். ஒருத்தி குளிக்க இன்னொருத்தி வாசலில் நிற்பாள். இருட்டினால் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை, எழுந்து போக வேண்டுமே என்று.

ஒரு வேலையைச் செய்துவிட்டால் வன்முறை நின்றுவிடும் என்றும் நினைக்காதீர்கள். கென்யாவின் தடாப் முகாம்களில் சோமாலியப் பெண்கள் விறகு பொறுக்கப் போகும்போது தாக்கப்பட்டார்கள். 1998 முதல் விறகை முகாமுக்குள்ளேயே கொடுத்தார்கள். விறகுக்குப் போகும்போது நடந்த வல்லுறவு குறைந்தது. மற்ற நேரங்களில் நடந்தது கூடியது. எங்கே, எந்நேரம் பயமாக இருக்கிறது என்று அந்தந்த முகாம் பெண்களைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டபின் பணத்தை அனுப்புங்கள்.

கேள்வி (முகாம் பெரியவர்): எல்லாவற்றுக்கும் போலீஸ், கோர்ட் என்கிறீர்கள். எங்கள் முகாம் தலைவர் இரண்டு பக்கமும் கூப்பிட்டுப் பேசி முடித்து வைப்பார். ஸ்டேஷனுக்குப் போனால் பின்னாலேயே கியூ பிராஞ்ச் (முகாம்களைக் கண்காணிக்கும் போலீஸ் உளவுப் பிரிவு) வரும், முகாமுக்கே கெட்ட பெயர்.

பதில்: ஐயா, கியூ பிராஞ்ச் பயம் எனக்குப் புரியாததல்ல. வெளியே போக, வர, விருந்தாளி தங்கவே கேள்வி கேட்கப்பட்டு வாழ்ந்த மக்கள் நீங்கள். ஆனால் அந்தப் பயத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள்? நான் பார்த்த ஒரு "பேசி முடிப்பில்" வட்டமாக ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மட்டும் நின்றாள். உதட்டில் தையல் இருந்தது. அவன் மன்னிப்புக் கேட்டான், தலைவரிடம். அவளிடம் அல்ல. அன்று இரவே "என்னைச் சபையில் நிறுத்தினாய்" என்று மறுபடி அடித்தான்.

அதே பெரியவர்: எல்லாத் தலைவரும் அப்படி இல்லை. புருஷனை உள்ளே தள்ளிவிட்டால் பெயின்ட் வேலைக்கு யார் போவது, பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது?

இடையில் ஒரு முகாம் பெண்: ஐயா, பத்து வருசமா நான்தான் வேலைக்குப் போறன். சோறு போடுறது ஆர் எண்டு எங்களையும் கேளுங்கோ.

பதில்: தங்கை சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. சட்டத்தை மட்டும் தெளிவாக்குகிறேன். பாதுகாப்பு உத்தரவு கேட்டாலே புருஷன் ஜெயிலுக்குப் போவதில்லை. குடும்ப வன்முறைச் சட்டத்தில் உத்தரவை மீறினால்தான் குற்றம். வழக்கு வேண்டுமா, உத்தரவு போதுமா, இரண்டும் வேண்டாமா என்பதை அவள் தீர்மானிக்கட்டும். நானும் தீர்மானிக்கக் கூடாது, தலைவரும் கூடாது. வல்லுறவு என்றால் பேசி முடிக்க இடமே இல்லை. சமரசம் செய்துகொண்டதால் தண்டனையைக் குறைக்க முடியாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தலைவர் உதவ நினைத்தால் நிறைய இருக்கிறது: ஆட்டோ பிடித்துக் கொடுக்கலாம், செக்கிங் அன்று அவளுக்காகப் பேசலாம், சாராயம் விற்கிறவனைத் தட்டிக் கேட்கலாம்.

கேள்வி: புகார் கொடுக்காமல் ஆஸ்பத்திரி போகலாமா?

பதில்: மேலே சொல்லியாயிற்று. போகலாம். 72 மணி நேரம்.

கேள்வி: குடியுரிமை எப்போது கிடைக்கும்?

பதில்: இங்கே அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதியில்லை. வக்கீலிடம் கேளுங்கள்.

கேள்வி (டியூஷன் ஆசிரியை): பதினாறு வயதுப் பிள்ளை என்னிடம் ஏதோ சொல்ல வருகிறாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொல்கிறாள்.

பதில்: செய்யாதீர்கள் டீச்சர். பதினெட்டுக்குக் கீழே என்றால் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும்) சட்டப்படி தெரிந்தவர் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். அதை அவள் பேசுவதற்கு முன்பே சொல்லுங்கள்: "உன் பாதுகாப்புக்குத் தேவையானவர்களிடம் மட்டும் சொல்வேன், உனக்குத் தெரியாமல் சொல்ல மாட்டேன்." பிறகு குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடுங்கள். ஒருமுறை கேட்டது போதும். விவரம் விவரமாகத் திரும்பக் கேட்காதீர்கள். ஆண்பிள்ளைக்கும் இதே சட்டம்தான்.

கேள்வி: நிவாரணம் கொடுக்க வருகிறவரே தப்பாக நடந்தால்?

பதில்: 2002-ல் கினி, லைபீரியா, சியரா லியோன் முகாம்களில் சாப்பாட்டுக்கும் நிவாரணத்துக்கும் பதிலாகச் சிறுமிகளிடம் உடலைக் கேட்டது அம்பலமான பிறகு, உதவி பெறுபவரோடு உடலுறவுக்காகப் பொருள், வேலை, சலுகை கொடுப்பதை ஐ.நா. தன் ஊழியர்களுக்குத் தடை செய்தது. நம் ஊரில் வரும் தொண்டு நிறுவனத்திடமும் கேளுங்கள்: புகாரை யாரிடம் கொடுப்பது? அந்த ஆளின் கீழ் வேலை செய்பவரிடமே என்றால் ஏற்காதீர்கள். அந்த நடத்தை சட்டப்படியும் குற்றம். ஸ்டேஷன் எல்லை எதுவானாலும் புகாரை எழுதிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எஃப்.ஐ.ஆர். இல்லாமல்...

பதில்: இந்தக் கேள்வியை இனி எடுக்க மாட்டேன். மேலே படியுங்கள்.

கேள்வி (முதலில் கேட்ட பெண்): அவவிட்டச் சொன்னன் அக்கா. இப்ப போக மாட்டாவாம்.

பதில்: சரி, கோபிக்காதே. முகாம் அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பாங்க் புத்தகம் மூன்றையும் போட்டோ எடுத்து உன் போனில் வைத்துக்கொள். ஒரு செட் உடுப்பு, கொஞ்சம் காசு, உன் வீட்டில். 181-ஐ அவ போனில் வேறு பெயரில் பதிந்து கொடு. சத்தம் கேட்டால் நீ தனியாக உள்ளே போகாதே. இரண்டு மூன்று பேராக வாசலில் நின்று பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவ எப்போது கிளம்பினாலும், நள்ளிரவானாலும், உன் கதவைத் தட்டலாம் என்று மட்டும் சொல்லி வை.