வீட்டு லேப்டாப்புக்கு விலை குறைவான ஆன்டிவைரஸ் எது வாங்கலாம்?

கேள்வி: மகள் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். வீட்டில் ஒரே லேப்டாப், விண்டோஸ் 11. வாங்கும்போதே அதில் இருந்த ஆன்டிவைரஸ் காலாவதியாகி, தினமும் ‘பணம் கட்டிப் புதுப்பியுங்கள்’ என்று வந்து நிற்கிறது. 1,000 ரூபாய்க்குள் எதை வாங்கலாம்?

பதில்:

திண்டுக்கல்லில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்டிவைரஸ் பெட்டி விற்றால் எனக்கும் நாலு காசு நிற்கும். அப்படியிருந்தும் சொல்கிறேன், நீங்கள் இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். காலாவதியான அந்த ஆன்டிவைரஸை முதலில் அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.

காரணம் இதுதான். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. அதற்குத் தனியாகப் பணம் கிடையாது. வேறொரு ஆன்டிவைரஸ் உள்ளே வந்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். புது லேப்டாப்பில் ட்ரையல் என்று ஒட்டிக்கொண்டு வருவது 30 நாளோ ஒரு வருடமோ வேலை செய்துவிட்டு, அப்புறம் காசு கேட்க மட்டும் உட்கார்ந்திருக்கும். சில நேரம் தானும் காவல் காக்காமல், காவலுக்கு இருப்பவனையும் ஒதுக்கிவைத்த கதையாகிவிடும். அதை நீக்கி ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தேடித் திறந்து பாருங்கள். எல்லாவற்றிலும் பச்சை டிக் இருந்தால் டிஃபெண்டர் வேலைக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தம்.

‘ஓசியில் வருவது உருப்படியாக இருக்குமா?’ என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். பத்துப் பதினைந்து வருடம் முன்னால் கேட்டிருந்தால் நானே இருக்காது என்றுதான் சொல்லியிருப்பேன். விண்டோஸ் விஸ்டாவிலும் விண்டோஸ் 7-லும் டிஃபெண்டர் என்று இருந்தது, வேவு பார்க்கும் ஸ்பைவேரை மட்டும் கவனிக்கிற அரை ஆள். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோதுதான் முழு ஆன்டிவைரஸ் ஆனது. அதற்குப் பிறகும் சில வருடம் பரீட்சையில் கடைசி பெஞ்சில்தான் இருந்தது. இப்போது நிலைமை வேறு. ஜெர்மனியில் மாக்டபர்க் நகரத்தில் ஏவி-டெஸ்ட் என்ற சோதனை நிறுவனம் இருக்கிறது. பாதுகாப்பு, வேகம், தொந்தரவு தராமை என்று மூன்று பாடம் வைத்து, பாடத்துக்கு 6 வீதம் மொத்தம் 18 மதிப்பெண் போடுகிறார்கள். சமீப வருடங்களில் டிஃபெண்டர் பலமுறை 18-க்கு 18 வாங்கியிருக்கிறது. காசு கொடுத்து வாங்குகிற பெரிய பெயர்களும் அதே 18-இல்தான் நிற்கின்றன.

ஆனால் டிஃபெண்டரில் ஒரு ஓட்டை உண்டு. அதன் மூளையில் பாதி இன்டர்நெட்டுக்கு அந்தப் பக்கம் மைக்ரோசாஃப்டின் சர்வரில் இருக்கிறது. சந்தேகப்படும்படி ஒரு ஃபைல் வந்தால் அங்கே கேட்டுத்தான் முடிவெடுக்கும். நெட் இல்லாவிட்டால் திறமை கணிசமாகக் குறைகிறது. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் இருக்கும் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் நெட் இல்லாத நிலையையும் தனியாகச் சோதிப்பார்கள். அந்தப் பட்டியலில் டிஃபெண்டர் பின்னால்தான் நிற்கும்.

எனவே நான் காசு கொடுத்து வாங்கச் சொல்வது ஒரே ஒரு ரகத்தினருக்குத்தான். வீட்டில் நெட் சரியாக இருக்காது, ஆனால் பென்டிரைவ் மட்டும் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வரும். மகள் கல்லூரிக்குப் போகிறாள் என்றால் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். ரெக்கார்டு நோட்டு, அசைன்மென்ட் என்று எல்லாவற்றையும் பென்டிரைவில் போட்டு ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே ஒரே சிஸ்டத்தில் ஒரு நாளைக்கு நூறு பென்டிரைவ் ஏறி இறங்கும். வீட்டுக்கு வந்து சொருகினால் ஃபோல்டர்கள் எல்லாம் அப்படியே இருக்கிற மாதிரிதான் தெரியும், மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி மட்டும் கூடுதலாக இருக்கும். அது ஷார்ட்கட் வைரஸ். உண்மையான ஃபைல்களை ஒளித்துவைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட்டுகளை வைத்திருக்கும். கிளிக் செய்தால் வைரஸும் ஓடும், ஃபைலும் திறக்கும். அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. ‘எல்லாம் அழிஞ்சு போச்சு, ஃபார்மேட் பண்ணிடுங்க’ என்று பதறிக்கொண்டு வருவார்கள். அவசரப்பட்டு ஃபார்மேட் செய்யாதீர்கள், ஃபைல்கள் உள்ளேயேதான் இருக்கும். ஸ்கேன் செய்து வைரஸைத் தூக்கிவிட்டு, மறைந்த ஃபைல்களை வெளியே எடுக்க ஐந்து நிமிடம் போதும்.

அந்த ரகம் என்றால் நம் ஊர் பிராண்டுகளே போதும். கே7 சென்னைக்காரர்களுடையது, 1991-இல் தொடங்கியது, ஜப்பானிலும் விற்கிறார்கள். குயிக் ஹீல் புனேக்காரர்களுடையது. அதை ஆரம்பித்தவர் கால்குலேட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவர் என்பதில் எங்களைப் போன்ற ரிப்பேர்காரர்களுக்கு ஒரு தனிப் பெருமை. இரண்டுமே பென்டிரைவ் சொருகினதும் ஸ்கேன் செய்யும். ஒரு கணினிக்கு ஒரு வருட பேசிக் பதிப்பு போதும், தேடினால் 500 ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும். டோட்டல் செக்யூரிட்டி என்று பெரிய பெட்டியைக் காட்டுவார்கள். அதில் கூடுதலாக இருக்கும் டியூன்-அப், பேரன்டல் கன்ட்ரோல் வகையறாக்களைத் திறந்து பார்த்த வாடிக்கையாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

வாங்கும்போது பெட்டியில் அச்சடித்த விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம், அந்த விலைக்கு யாரும் விற்பதில்லை. ஆன்லைனில் கம்பெனித் தளத்திலேயே வாங்கினால் முதல் வருடத் தள்ளுபடி விலை ஒன்றாகவும் அடுத்த வருடம் புதுப்பிக்கும் விலை வேறாகவும் இருப்பது சகஜம். கார்டில் ஆட்டோ-ரினியூவல் போட்டிருந்தால் வாங்கிய அன்றைக்கே அதை நிறுத்திவிடுங்கள். டெலிகிராம் குரூப்பில் 50 ரூபாய்க்கு விற்கிற லைசென்ஸ் கீ பக்கம் போகவே போகாதீர்கள். ஒரே கீயைப் பத்துப் பேருக்கு விற்றிருப்பார்கள், இரண்டு மாதத்தில் பிளாக் ஆகிவிடும்.

இலவசமாகக் கிடைக்கும் வேறு ஆன்டிவைரஸ்கள்? டிஃபெண்டர் இருக்கும்போது எதற்கு என்பேன். அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸின் கதை தெரிந்திருக்கும். இலவசமாகக் கொடுத்துவிட்டு, மக்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றார்கள். விஷயம் வெளியே வந்து 2020-இல் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. ஏவிஜி, அவிரா, நார்ட்டன் எல்லாம் இப்போது அவாஸ்ட் இருக்கும் அதே கம்பெனியின் கையில்தான். பெயரை மாற்றிப் போட்டுப் பார்ப்பதில் பெரிய லாபம் இல்லை. சந்தேகம் வரும்போது இரண்டாவது ஆளிடம் கேட்கிற மாதிரி மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பை வைத்து ஒருமுறை ஸ்கேன் செய்து பார்க்கலாம், அது டிஃபெண்டரோடு சண்டை போடாது.

இனி எந்த ஆன்டிவைரஸாலும் தடுக்க முடியாத விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பையன் வந்தான், பொறியியல் கடைசி வருடம். லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றான். ஃபோட்டோ, பிடிஎஃப், புராஜெக்ட் ரிப்போர்ட் என்று எல்லா ஃபைல் பெயருக்கும் பின்னால் அர்த்தமில்லாத நான்கு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ரீட்மீ என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல். 980 டாலர் கொடுத்தால் சாவி தருவோம், 72 மணி நேரத்துக்குள் வந்தால் பாதி விலை 490 டாலர் என்று ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி கணக்காக எழுதியிருந்தது. ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கிற வைரஸுக்கு ரான்சம்வேர் என்று பெயர், அதில் ஸ்டாப் என்ற குடும்பம் அது.

“ஆன்டிவைரஸ் எதுவும் சொல்லலையாப்பா?”

“சொல்லுச்சுண்ணே. வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர் கிராக் இறக்கினேன். இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி டிஃபெண்டரை ஆஃப் பண்ணச் சொல்லி அதுலயே போட்டிருந்துச்சு. பண்ணிட்டேன்.”

கிராக் என்றால் காசு கொடுக்காமல் ஓட வைக்கத் திருட்டுத்தனமாகத் திருத்திய பதிப்பு. வாசல் கதவைத் திறந்துவிட்டவனே வீட்டுக்காரன். அன்றைக்கு அவனிடம் மூவாயிரம் ரூபாய் ஆன்டிவைரஸ் இருந்திருந்தாலும் அதையும்தான் ஆஃப் செய்திருப்பான். பேக்கப் இருக்கிறதா என்றால் இருக்கிறது என்றான். ஆனால் அந்த ஹார்ட் டிஸ்க் அந்த நேரம் லேப்டாப்பிலேயே சொருகி இருந்திருக்கிறது, அதில் இருந்ததும் பூட்டிக்கொண்டது. இந்தக் குடும்பத்தின் சில ரகங்களுக்கு எம்சிசாஃப்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தினர் பூட்டைத் திறக்கும் இலவச டிக்ரிப்டர் கொடுத்திருக்கிறார்கள், போட்டுப் பார்த்தோம். அவனுக்கு விழுந்த பூட்டுக்கு அந்தச் சாவி சேரவில்லை. அக்கா கல்யாண ஃபோட்டோக்களில் வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்பியிருந்தது மட்டும்தான் மிஞ்சியது. புராஜெக்ட் ரிப்போர்ட்டை மறுபடி டைப் செய்தான்.

ஆஃபீஸுக்கு ஆக்டிவேட்டர், கேமுக்கு கிராக் என்று மகளின் நண்பர்கள் யாராவது கொண்டுவந்து நீட்டுவார்கள். டிஃபெண்டரை ஆஃப் செய்யச் சொல்கிற எதுவும் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவையுங்கள். வேர்ட், எக்செல் தேவைக்கு லிப்ரெஆஃபீஸ் இலவசம். பல கல்லூரிகள் மாணவர் மெயில் ஐடிக்கு மைக்ரோசாஃப்ட் 365 கொடுக்கின்றன, விசாரித்துப் பாருங்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, வைரஸே இல்லாமல் வைரஸ் வந்துவிட்டது என்று வருகிறவர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், “தம்பி, நாலு நாளா இது கத்திக்கிட்டே இருக்கு” என்று வந்தார். திரையின் வலது கீழ் மூலையில் சிவப்பாக, ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்’ என்று பிரபல ஆன்டிவைரஸ் ஒன்றின் படத்தோடு வந்து வந்து போனது. பயந்துபோய் அதற்குள் ஒன்றை ஆன்லைனில் வாங்கிப் போட்டுவிட்டார், அப்படியும் நிற்கவில்லை. எப்படி நிற்கும்? ஏதோ ஒரு தளம் நோட்டிஃபிகேஷன் அனுப்ப ‘அலோ’ கேட்டபோது சாரின் விரல் அழுத்திவிட்டது. குரோம் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிஃபிகேஷன்ஸ் போய் அந்தத் தளத்தை நீக்கினேன். அரை நிமிட வேலை, காசு வாங்கவில்லை. அதற்குப் பதிலாக அரை மணி நேரம் அவர் பேரன் பெருமையைக் கேட்க வேண்டியிருந்தது.

சரி, டிஃபெண்டரில் நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்’ போய், தேவையற்ற ஆப்களைத் தடுக்கும் வசதி ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ‘ரான்சம்வேர் ப்ரொடெக்‌ஷன்’ என்பதற்குள் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ இருக்கும். இது வழக்கமாக ஆஃபில்தான் வரும். ஆன் செய்தால் டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களில் தெரியாத புரோகிராம் எதுவும் கைவைக்க முடியாது. சில நேரம் நல்ல புரோகிராமையும் தடுத்துவிடும். அப்போது முழுசாக ஆஃப் செய்யாமல் அந்தப் புரோகிராமுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். மகளுக்குத் தனியாக ஒரு ஸ்டாண்டர்டு யூசர் அக்கவுன்ட் போட்டு, அட்மின் பாஸ்வேர்டை நீங்கள் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. மகள் கோபித்துக்கொள்வாள், அது உங்கள் பாடு.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும். 14 அக்டோபர் 2025-ஓடு அதற்கான வழக்கமான அப்டேட் முடிந்துவிட்டது. டிஃபெண்டருக்கான வைரஸ் விவரங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது, ஆனால் விண்டோஸிலேயே விழும் ஓட்டையை அது அடைக்காது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகத்தையே ஆட்டியபோது அதற்கான அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். வீட்டுக் கணினிகளுக்கு 13 அக்டோபர் 2026 வரை நீட்டிப்பு கொடுத்திருக்கிறார்கள், செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தில் பதிந்துகொள்ளலாம். மெஷின் தாங்கும் என்றால் 11-க்கு மாறுங்கள். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல் ஏற்கும். தாங்காத பழைய மெஷினுக்கு விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கிறேன், இதுவரை யாரும் திருப்பிக் கொண்டுவரவில்லை.

பணம் ஏதாவது போய்விட்டால் ஸ்கேன் செய்துகொண்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

உங்கள் 1,000 ரூபாய் அப்படியே இருக்கிறது. அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளின் ஃபைல்களையும் வீட்டு ஃபோட்டோக்களையும் அதில் காப்பி செய்யுங்கள். முடிந்ததும் கேபிளைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள்.