டெலிவரிக்குப் போகும் மகன்: சம்பளத்துக்கு முன்னால் ஓய்வைக் கணக்கு பாருங்கள்

கோவில்பட்டியிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் மகனுடைய சம்பாத்தியத்தைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. மீதி எல்லாம் சாப்பாடும் தூக்கமும்தான். "மத்தியானம் மூணு மணிக்குப் போன் பண்ணினாலும் இன்னும் சாப்பிடலைங்கிறான், ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பண்ணினாலும் பின்னால வண்டிச் சத்தம்தான் கேக்குது" என்று எழுதியிருக்கிறீர்கள். டிப்ளமா மெக்கானிக்கல் முடித்துவிட்டு, சென்னையில் அறை எடுத்து டிஎன்பிஎஸ்சிக்குப் படித்துக்கொண்டே உணவு டெலிவரி செய்கிறார். ஊருக்கே திரும்பி வரச் சொல்லிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

வரச் சொல்ல வேண்டாம். ஆனால் இப்போது ஓட்டுகிற மாதிரியே ஓட்டவும் விட வேண்டாம்.

வீட்டுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று ஒரு பிள்ளை தன் வாடகையையும் மெஸ் காசையும் தானே சம்பாதிக்கிறார். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2022-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, நிரந்தரச் சம்பளம் இல்லாமல் செய்யும் வேலைக்குக் காசு வாங்கும் இந்த மாதிரி 'கிக்' வேலைகளில் 2020-21-லேயே நாட்டில் 77 லட்சம் பேர் இருந்தார்கள்; 2029-30-க்குள் 2.35 கோடி ஆகும் என்று மதிப்பிட்டிருக்கிறது. பக்கத்து வீட்டில் யார் என்ன சொன்னாலும் நீங்கள் தலை குனிய வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. இந்த வேலையில் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. எத்தனை ஆர்டர், எத்தனை கிலோமீட்டர், எத்தனை நட்சத்திரம், மழைக்கு எவ்வளவு கூடுதல் என்று போனிலேயே தெரியும். ஓய்வுக்கு மட்டும் அதில் இடம் கிடையாது. அந்தக் கணக்கை அவரேதான் வைத்துக்கொள்ள வேண்டும். பையன்கள் வைப்பதில்லை.

போன மே மாதம் என்னிடம் ஆலோசனை கேட்டு ஒரு தம்பி வந்தார். பி.காம். முடித்தவர், இரண்டு வருடமாக ரைடர். நாற்காலியில் உட்கார்ந்ததும் போனை எடுத்து, திரை மேலே தெரிகிற மாதிரி மேஜையில் வைத்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் அதில் போய்ப் போய் வந்தது. "லாக்-அவுட் பண்ணிட்டுத்தானே வந்தீங்க?" என்றேன். "ஆமா சார்" என்றவர், சொன்ன கையோடு மறுபடி திரையைப் பார்த்தார். டீ வந்தது. ஆவி பறக்கிற டீயை இரண்டே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். சூடு தெரியவில்லையா என்று கேட்டால், "பழகிடுச்சு சார்" என்கிறார். அவர் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, ஒரு வாரத்துக்கு மூன்றே விஷயம் எழுதி வரச் சொன்னேன்: எப்போது லாக்-இன், எப்போது லாக்-அவுட், நடுவில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள். வாசல் வரை போனவர் திரும்பி வந்து கேட்டார்: "வண்டி சீட்டுல உட்கார்ந்ததையும் எழுதலாமா சார்?"

அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை. எழுதக் கூடாது என்று சொன்னேன். ஒரு வாரம் கழித்து நோட்டைக் கொண்டுவந்தார். பெரும்பாலான நாட்களில் பதின்மூன்று மணி நேரம் லாக்-இன். உட்கார்ந்த கட்டத்தில் 20, 25, 15 என்று நிமிடங்கள். ஒரு சனிக்கிழமைக்கு நேரே வெறும் கோடு.

ஓட்டல் வாசலில் நிற்கிற நேரம் இருக்கிறதே, அது ஓய்வுதானே என்று உங்களுக்குத் தோன்றலாம். பிள்ளைகளும் அப்படித்தான் நினைத்து ஏமாறுகிறார்கள். பார்சல் தயாராகும் வரை இருபது நிமிடம் நிற்கிறார் என்று வையுங்கள். அந்த இருபது நிமிடமும் காது கவுன்டரில் இருக்கும், கண் திரையில் இருக்கும், ஹெல்மெட் தலையில்தான் இருக்கும். காத்திருப்பு வேறு, ஓய்வு வேறு. போனைப் பையில் போட்டுவிட்டு, நிழலில், முதுகு சாய்த்து, தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்து எழுந்திருக்கிற நேரம்தான் ஓய்வு. பெண் ரைடர்களிடம் கேட்டால் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கவலை என்பார்கள். அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் ஓட்டுகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். சென்னை வெயிலில் அது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

இந்த ஓய்வு ஏதோ சலுகை என்று மகன் நினைத்தால், ஒரு பழைய சட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள். லாரி, பஸ் ஓட்டுநர்களுக்காக 1961-ல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது; 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்தபோது அது நீக்கப்பட்டது. அதில் இருந்தது இதுதான்: ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு தர வேண்டும். இடைவேளையையும் சேர்த்துக் காலையில் தொடங்கி முடிக்கும் வரை மொத்தம் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அறுபது வருடத்துக்கு முன்னாலேயே, சாலையில் வண்டி ஓட்டுகிற உடம்புக்கு எவ்வளவு தாங்கும் என்று நம் நாடு யோசித்து எழுதி வைத்த அளவு இது.

உங்கள் மகனைப் போன்றவர்களுக்கு அது பொருந்தியதில்லை. காரணம், நிறுவனங்கள் இவர்களை ஊழியர் என்று சொல்வதில்லை, பார்ட்னர் என்கின்றன. ஊழியர் இல்லை என்றால் பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, சம்பளத்தோடு விடுப்பும் இல்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் கிக் தொழிலாளர், பிளாட்பார்ம் தொழிலாளர் (போன் ஆப் வழியாக வேலை செய்பவர்) என்ற பெயர்கள் இடம்பெற்றன. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை இவர்களுடைய நல நிதிக்குத் தர வேண்டும் என்கிறது அது. நல்ல தொடக்கம்தான், வரவேற்கிறேன். ஆனால் அது காப்பீட்டையும் நல உதவியையும் பற்றிப் பேசுகிறது. எத்தனை மணிக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தலாம் என்று சொல்லவில்லை. அதனால் அந்த 1961 அளவை உங்கள் மகனே தனக்குப் போட்டுக்கொள்ளட்டும். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முழு அரை மணி, வாரத்தில் ஒரு நாள் வண்டிச் சாவியைத் தொடாமல் இருப்பது. இதற்குக் கீழே இறங்கவே கூடாது.

"நிறுத்தினா இன்சென்டிவ் போயிடும்மா" என்பார். எல்லாப் பிள்ளைகளும் சொல்வதுதான், அது உண்மையும்கூட. இத்தனை ஆர்டர் முடித்தால் இத்தனை ரூபாய் கூடுதல் என்று வைத்திருப்பார்கள்; கடைசி இரண்டு ஆர்டருக்காக இரண்டு மணி நேரம் இழுத்துப் பிடித்து ஓட்டுவார்கள். சரி, அந்தக் கணக்கையே காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்கு ஒரு நாள் 1,000 ரூபாய் வருகிறது, 120 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைப்போம். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டியில், லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால், பெட்ரோலுக்கே ஏறக்குறைய 270 ரூபாய் போய்விடும். ஆயில், டயர், பிரேக் ஷூ, செயின் என்று தினம் 80 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். அதை யாரும் எடுத்து வைப்பதில்லை, மூன்று மாதம் கழித்து மொத்தமாக அடி விழும். வெளிச் சாப்பாடு, டீ 130 ரூபாய். கையில் நிற்பது 520. லாக்-இன் பதின்மூன்று மணி நேரம் என்றால் மணிக்கு 40 ரூபாய். வண்டிக் கடன் இருந்தால் அதையும் இதில்தான் கழிக்க வேண்டும். உங்கள் மகனின் சொந்த எண்களைப் போட்டு அவரையே கணக்கு பார்க்கச் சொல்லுங்கள். மாதம் எவ்வளவு என்று கேட்டால் பெரிய தொகையாகத் தெரியும், மணிக்கு எவ்வளவு என்று கேட்டால்தான் உண்மை தெரியும். அந்தக் கடைசி இரண்டு மணி நேரம் என்ன விலைக்குப் போகிறது என்று அப்போது அவருக்கே விளங்கும்.

இன்னொரு பெரிய காரணம் படிப்பு. குரூப் 4 தேர்வில் மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் பாதி, அதாவது 100 கேள்வி, தமிழ்ப் பகுதி. அது முடியாத பாடத்திட்டம் இல்லை. ஆனால் பத்து நிமிடம் அசையாமல் உட்காரவே மறந்துபோன உடம்பால் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒரு கேள்வியை நிதானமாகப் படிக்க முடியாது. என்னிடம் வரும் ரைடர் தம்பிகள் பலர், "படிச்சது தலையில நிக்க மாட்டேங்குது சார், எனக்கு ஞாபக சக்தி குறைஞ்சிடுச்சு" என்கிறார்கள். ஞாபக சக்திக்கு ஒன்றும் ஆகவில்லை, தூக்கம்தான் போதவில்லை.

அதனால் நான் சொல்லும் ஏற்பாடு இது. உணவு டெலிவரியில் ஆர்டர் குவிவது மத்தியானம் 12-லிருந்து 3 வரை, அப்புறம் ராத்திரி 7-லிருந்து 10, 11 வரை. நடுவில் இருக்கிற நாலு மணி நேரம் பெட்ரோலைத்தான் குடிக்கும், காசு பெரிதாகத் தராது. இரண்டு பீக் நேரத்தை மட்டும் ஓட்டட்டும். மூன்று மணிக்கு லாக்-அவுட் செய்து, உட்கார்ந்து சாப்பிட்டு, ஒரு மணி நேரம் படுத்து எழுந்து, ஆறரை வரை படிக்கட்டும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடமே இருக்கிறது. அறை தூரமாக இருந்தால், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் டிஎன்பிஎஸ்சிக்கு இலவச வகுப்பு நடக்கிறதா என்று விசாரிக்கட்டும். சென்னை மாநகராட்சி 2025-ல் அண்ணா நகரிலும் தி.நகரிலும் டெலிவரி தொழிலாளர்களுக்கென்றே ஏசி ஓய்வுக்கூடங்கள் திறந்தது. குடிநீர், கழிப்பறை, போன் சார்ஜ் போட இடம் எல்லாம் உண்டு. அந்தப் பக்கம் ஓட்டுகிறார் என்றால் கண்டிப்பாக உள்ளே போய் உட்காரச் சொல்லுங்கள். நமக்காகக் கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தும் கூச்சப்பட்டு வெளியே வண்டி மேலேயே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் உண்டு.

வருமானம் குறையும், மறைக்கவில்லை. அந்த இடைவெளிக்கு மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் உங்களால் அனுப்ப முடியுமா என்று யோசியுங்கள். முடியாது என்றால் தேர்வுக்கு முந்தைய மூன்று மாதத்துக்காவது அனுப்பப் பாருங்கள்.

விபத்து என்ற வார்த்தையைக் கடிதத்தில் எழுதி அடித்திருக்கிறீர்கள். அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. நிறுவனம் விபத்துக் காப்பீடு தருகிறது என்று மகன் சொல்லியிருப்பார். பாலிசியைத் திறந்து ஒரு விஷயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்: கையில் ஆர்டர் இருக்கும்போது மட்டும்தான் செல்லுமா, லாக்-இன் செய்த நேரம் முழுக்கச் செல்லுமா? கொடுத்துவிட்டு வெறும் பையோடு திரும்பும்போதும் லாரி வரும். வண்டிக் காப்பீட்டிலும் சொந்த உபயோகம் என்று போட்டிருந்தால், டெலிவரியின்போது அடிபட்ட வண்டிக்கு இழப்பீடு கேட்கையில் சிக்கல் வரலாம். காப்பீட்டு அலுவலகத்தில் நேராகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கட்டும். அப்புறம், தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை, திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் இலவசம். அறை நண்பர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், அடிபட்டவர் எடுத்துச் சொல்கிற நிலையில் இருக்க மாட்டார்.

கிக் தொழிலாளர்களுக்கென்று தமிழக அரசு 2023-ல் தனி நல வாரியம் அமைத்தது. அதில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவும் வேண்டும். ஆதார், வங்கிக் கணக்கு, ரைடர் ஐடி கையில் இருந்தால் ஓய்வு நாளில் ஒரு மணி நேர வேலை.

படித்த டிப்ளமாவைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டாரே என்றுதான் எனக்கு வருத்தம். டிப்ளமா முடித்தவர்களுக்கான அப்ரன்டிஸ் பயிற்சிக்கு, படித்து முடித்து சில வருடங்களுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். சென்னை தரமணியில் இருக்கும் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் அறிவிப்புகளை மாதம் ஒரு தடவையாவது பார்க்கட்டும். உதவித்தொகை டெலிவரி வருமானத்தைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் ஷிப்ட் முடிந்தால் வேலை முடிந்தது, ஒரு வருடத்தின் முடிவில் கையில் சான்றிதழும் இருக்கும். டிஎன்பிஎஸ்சியை அதனோடு சேர்த்தே படிக்கலாம். டெலிவரியில் மூன்று வருடம் ஓட்டினாலும், அடுத்த இன்டர்வியூவில் காட்டுவதற்கு ஒரு அனுபவச் சான்று கிடைப்பது கஷ்டம். அதனால் இந்த வேலைக்கு ஒரு முடிவுத் தேதி வேண்டும். "இன்னும் ஆறு மாசம்தாம்மா" என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். காலண்டரில் வட்டம் போட்ட தேதியாக இருக்க வேண்டும்.

போனில் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடாதீர்கள். ஓடுகிற வண்டியில் இருந்து பேசுகிறார் என்று தெரிந்தால் உடனே வைத்துவிடுங்கள், மூன்றரை மணிக்கு மேல் அவரையே கூப்பிடச் சொல்லுங்கள். "சாப்பிட்டியா" என்று கேட்டால் சாப்பிட்டேன் என்றுதான் பதில் வரும். "எங்கே உட்கார்ந்து சாப்பிட்டே" என்று கேளுங்கள். யோசித்துப் பதில் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

திங்கட்கிழமை மத்தியானம் ஆர்டர் குறைவாகத்தான் இருக்கும். ஏதாவது ஒரு திங்கட்கிழமை நாலு மணிக்கு என் அலுவலகத்துக்கு வரச் சொல்லுங்கள், கட்டணம் வேண்டாம். ஒரு வாரம் எழுதிய நோட்டும், டிப்ளமா மார்க் ஷீட்டும், காப்பீட்டுத் தாளும் கையில் இருக்கட்டும். சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.