எந்த இயந்திரத்துக்கு எந்த கிரீஸ்? – கேள்வி பதில்

சிங்கப்பூரின் கிராஞ்சி, லிம் சூ காங் பண்ணைகளில் வேலை செய்வோரும், துவாஸ் பக்கம் கனரக இயந்திரம் ஓட்டுவோரும், ஊரில் டிராக்டர் வைத்திருப்போரும் கேட்டவற்றுக்கு, இயந்திரப் பராமரிப்பைத் தொழிலாகக் கொண்ட நான் எழுதும் பதில்கள் இவை.

கேள்வி: பட்டுக்கோட்டையில் என் தம்பி டிராக்டர் வைத்திருக்கிறான். கடைக்காரர் ‘எண் 2’ என்று அச்சிட்ட கிரீஸைத் தருகிறாராம். முதல் தரத்தைத் தராமல் இரண்டாம் தரத்தை ஏன் தருகிறார்?

பதில்: அந்த எண் தரத்தைக் குறிப்பதன்று, கெட்டித்தன்மையைக் குறிப்பது. 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கூம்பை கிரீஸின் மேல் 5 விநாடி இறங்கவிட்டு, அது எவ்வளவு ஆழம் புதைகிறது என்று அளப்பார்கள். 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர் வரை புதைந்தால் அது எண் 2. அதைவிட இளகலானவை 1, 0, 00, 000 என்று போகும். கெட்டியானவை 3 முதல் 6 வரை. டிராக்டரின் பெரும்பாலான நிப்பிள்களுக்கு (கிரீஸ் ஏற்றும் முனைகளுக்கு) எண் 2 தான் பொருத்தம். கடைக்காரர் சரியானதையே தந்திருக்கிறார்.

கேள்வி: சேற்று உழவு முடிந்தபின் முன்சக்கர பேரிங்கிலும் ரோட்டவேட்டரிலும் கிரீஸ் பால்போல வெளுத்து வழிகிறது, ஐயா. விலை உயர்ந்ததை வாங்கினால் சரியாகுமா?

பதில்: விலையைப் பார்ப்பதற்கு முன், உள்ளே இருக்கும் சோப்பைப் பாருங்கள். பெரும்பாலான கிரீஸ் என்பது ஒருவகைச் சோப்பு பிடித்து நிறுத்தி வைத்திருக்கும் எண்ணெய். அந்தச் சோப்பு எந்த உலோகத்தால் ஆனது என்பதைப் பொறுத்தே நீரையும் சூட்டையும் தாங்கும் திறன் அமைகிறது. சோடியம் சோப்பு நீரில் கரைந்துவிடும் என்பதால் வயலுக்கு ஆகாது. பழைய வகை கால்சியம் கிரீஸ் நீரைத் தாங்கும். ஆனால் ஏறத்தாழ 100 பாகையிலேயே உருகிவிடும். சாதாரண லித்தியம் 180 பாகைக்கு மேல்தான் உருகும், நீரையும் ஓரளவு தாங்கும். (மாட்டுவண்டி அச்சுக்கு ஆமணக்கெண்ணெய் விட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம், பெரும்பாலான லித்தியம் கிரீஸின் சோப்புக்கும் மூலப்பொருள் அதே ஆமணக்கெண்ணெய்தான்.) நாள் முழுக்கச் சேற்றில் நிற்கும் இயந்திரத்துக்குக் கால்சியம் சல்ஃபோனேட் வகையையே நான் பரிந்துரைப்பேன், அது நீரில் எளிதில் கழுவிப் போகாததோடு, துருவையும் பாரத்தையும் தனிச் சேர்க்கைப் பொருள்கள் இல்லாமலே பெருமளவு சமாளிக்கும். கடலோரத்தில் ஓடும் இயந்திரங்களுக்கும் இது ஏற்றது. எதைப் போட்டாலும், உழவு முடிந்த அன்றே, உறுப்புகளில் சூடு ஆறுவதற்குள், உள்ளே புகுந்த நீர் வெளியேறும்வரை புது கிரீஸை ஏற்றிவிட வேண்டும். மறுநாள் காலைக்கு ஒத்திவைத்தால் துரு முந்திக்கொள்ளும்.

கேள்வி: இருப்பது சிவப்பு கிரீஸ், கிடைப்பது நீலம். கலக்கலாமா?

பதில்: நிறம் வெறும் சாயம், இரண்டு சிவப்புகளே ஒன்றுக்கொன்று ஒவ்வாதவையாக இருக்கலாம். நான் முன்பு இருந்த ஒரு பட்டறையில், பாலியூரியா கிரீஸ் (சோப்பில்லாமல் வேறொரு வேதிப்பொருளால் கெட்டியாக்கப்பட்டது) நிறைந்திருந்த மின்மோட்டார் பேரிங்கில் ஒருவர் லித்தியத்தை ஏற்றினார். இரண்டும் சேர்ந்து இளகி எண்ணெயாக ஒழுகின. பேரிங் வறண்டு போயிற்று. களிமண்ணால் கெட்டியாக்கப்பட்ட வகையும் பெரும்பாலானவற்றோடு சேராது. வகை மாற்ற வேண்டுமானால், பழையதைத் துடைத்துக் கழுவிவிட்டு மாற்றுங்கள். கழற்ற முடியாத இடத்தில், பழையது முழுவதும் வெளியே வரும்வரை புதியதை ஏற்றுங்கள்.

கேள்வி: எக்ஸ்கவேட்டரின் பக்கெட்டை இணைக்கும் இரும்புப் பின்னுக்குக் கறுப்பு கிரீஸ் போடுகிறோம். மிஞ்சியதைப் புல்வெட்டும் இயந்திரத்தின் பேரிங்குகளுக்கும் போடலாமா?

பதில்: கறுப்புக்குக் காரணம் பெரும்பாலும் மாலிப்டினம் டைசல்ஃபைடு என்னும் வழுக்கும் தூள். மெதுவாக அசைந்து, பெரும்பாரம் தாங்கும் பின்னுக்கும், அதைச் சுற்றியுள்ள புஷ் என்னும் உருளைக்கும் அது நல்லது. கிரீஸ் நசுங்கி விலகினாலும் உலோகத்தோடு உலோகம் உரசாமல் காக்கும். வேகமாகச் சுழலும் பேரிங்குக்கு அது தேவையில்லை. அங்கே போட வேண்டாம்.

கேள்வி: முட்டைப் பண்ணையில் முட்டை தரம்பிரிக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறேன். சாதாரண கிரீஸ் போதுமா?

பதில்: போதாது. தற்செயலாக உணவுமேல் பட்டாலும் அனுமதிக்கப்பட்ட ‘எச்1’ குறியீடுள்ள கிரீஸையே வாங்குங்கள். அதற்கென ஒரு தனி கிரீஸ் கன்னையும் ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: வாளியைத் திறந்தால் மேலே எண்ணெய் மிதக்கிறது. கெட்டுவிட்டதா அண்ணே?

பதில்: தயிரின்மேல் நீர் தெளிவதைப் போன்றதுதான் இது, தம்பி. சிறிதளவு எண்ணெய் என்றால் சுத்தமான கட்டையால் கிளறிவிட்டுப் பயன்படுத்தலாம். விரற்கடை ஆழத்துக்கு நின்று, அடியில் உள்ளது இறுகிப்போயிருந்தால் பேரிங்குக்கு வேண்டாம். நம் ஊர் வெயிலில் நிற்கும் சரக்குக் கொள்கலனுக்குள் வாளியை வைத்தால் எண்ணெய் விரைவாகப் பிரியும். நிழலில், மூடி இறுக மூடி வையுங்கள். மூடியில் ஒட்டிய மணலைத் துடைத்த பிறகே திறங்கள்.